தழும்பு மனதை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க முடியுமா?

கேள்வி: அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் கொட்டி முன்கை முழுக்கத் தழும்பு. மருத்துவர் தழும்பை மதிப்பிடும் வான்கூவர் அளவுகோலில் நிறம், ரத்த ஓட்டம், நெகிழ்வு, உயரம் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிடுச்சு" என்றார். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிட்டால் நழுவிவிடுகிறேனே, அது எந்தக் கட்டத்தில் வரும்?

பதில் 1: அதில் வராதுங்க. போசாஸ் (POSAS) என்று இன்னொரு தழும்பு அளவுகோல் இருக்கிறது, அதில் நோயாளிக்கே தனித் தாள். வலி, அரிப்பு, விறைப்புக்கு நாமே மதிப்பெண் போடலாம்.

பதில் 2: அதிலும் கூச்சத்தைக் கேட்பதில்லை. தோல் நோய்களுக்காக 1994இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் வந்த டிஎல்கியூஐ (DLQI) என்ற வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளைப் பாருங்கள். 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். கூச்சம், உடைத் தேர்வு, வெளியே பழகுவது எல்லாம் உண்டு. ஆனால் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி மட்டுமே கேட்கும்.

கேட்டவர்: அப்போ ஆடியில் நிரப்பினால் எனக்கு ஒரு குறையும் இல்லை! சரி, ஆவணி முகூர்த்தங்கள் முடிந்ததும் நிரப்புகிறேன்.