மினாதமிஸ் நா சாகிங்: வாழைப்பழம் குழைந்து போகிறது, என்ன செய்வது?

அபுதாபி அடுப்படி:
கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் அக்கா ஒருவர் போன வாரம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார். பழுப்புச் சர்க்கரைப் பாகில் ஊறின வாழைப்பழம், பெயர் மினாதமிஸ் நா சாகிங். துண்டெல்லாம் பளபளவென்று முழுசாக இருந்தது, கடித்தால் மெத்தென்று இறங்கியது. ஆசைப்பட்டு நேற்று நானும் செய்தேன். கடையில் கிடைக்கிற நீளமான மஞ்சள் பழம் நாலு, சர்க்கரை, தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் வைத்தால் பத்தே நிமிஷத்தில் பஞ்சாமிர்தம். முருகனுக்குப் படைக்கலாம், அக்காவிடம் காட்ட முடியாது. எங்கே தப்பு?

தாவா ரிட்டர்ன்:
பழத்திலேயே தப்பு. நீங்கள் வாங்கியது கேவண்டிஷ், உரித்துத் தின்ன மட்டும்தான் சரி. இதற்கு அங்கே சாபா என்று ஒரு பழம், குட்டையாக, தடியாக, பட்டை பட்டையாக, பார்க்க நம்ம ஊர் மொந்தன் போலவே இருக்கும். மாவுச்சத்து அதிகம், அதனால் வெந்தாலும் உருக்குலையாது. பிலிப்பைன்ஸில் இருக்கிற தாவா நகரத்தில் மருத்துவம் படித்த காலத்தில் சாயங்காலப் பசிக்கு இந்த சாபாதான் எங்களுக்குத் துணை, கொதிக்கிற எண்ணெயில் பழத்தோடு சர்க்கரையையும் தூவி, அது உருகி மொறுமொறுவென்று ஒட்டிக்கொண்டதும் குச்சியில் குத்திக் கொடுப்பார்கள், அது பனானா க்யூ. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி இங்கே பேச வேண்டாம். பிலிப்பைன்ஸ் சாமான் விற்கிற கடையில் உறையவைத்த சாபா இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நேந்திரம்.

சமையல்கட்டு சாந்தி:
பழம் சரியாக இருந்தாலும் பதம் முக்கியம். தோல் மஞ்சளாகி அங்கங்கே கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும், அமுக்கினால் கெட்டியாகவே இருக்க வேண்டும். ஆறு சாபாவுக்கு ஒரு கப் பழுப்புச் சர்க்கரை, ஒன்றரை கப் தண்ணீர். முதலில் பாகைக் கொதிக்கவிட்டு, தடித் துண்டாக நறுக்கின பழத்தைப் போட்டு, சிறு தீயில் 15 நிமிஷம். கரண்டி போட்டுக் கிண்டவே கூடாது, பாத்திரத்தைப் பிடித்து லேசாகக் குலுக்கினால் போதும். தேன் மாதிரி ஒழுகும்போது இறக்கிவிடுங்கள், ஆறினால் இன்னும் கெட்டியாகும், கம்பிப் பதம் வரை போகவிடக் கூடாது. கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள், வெறும் தித்திப்பு ரெண்டு துண்டிலேயே திகட்டிவிடும்.

இன்னொன்று, பழம் கொஞ்சம் காயாக இருந்தால் வெறும் தண்ணீரில் பாதி வேகவைத்துவிட்டு அப்புறம் சர்க்கரை போடுங்கள். கெட்டிப் பாகில் நேரே போட்டால் சர்க்கரை பழத்தின் நீரை இழுத்துவிடும், எவ்வளவு நேரம் வைத்தாலும் ரப்பர் மாதிரிதான் கிடக்கும். நான் பட்டது.

கொழும்பு கறிவேப்பிலை:
பாண்டான் இலை என்று அவர்கள் போடுவது நாங்கள் கறிக்குப் போடுகிற அதே ரம்பைதான். ஒரு இலையை முடிச்சுப் போட்டுப் பாகில் விடுங்கோ, வனிலா தேவையில்லை. வெல்லம் போட்டாலும் நல்லாயிருக்கும்.

தாவா ரிட்டர்ன்:
வெல்லமா? ருசியாகத்தான் இருக்கும், ஆனால் வாசனை நேராகப் பொங்கல் பானைக்குப் போய்விடும்.

அபுதாபி அடுப்படி:
சாபா கிடைக்கவில்லை, நேந்திரத்தில் செய்தேன். ஒரு துண்டு கூட உடையவில்லை! லேசான புளிப்பு மட்டும் இருந்தது. அக்கா ரெண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, 'ஐஸைத் துருவிப் போட்டு, மேலே டின் பால் ஊற்று, அதுதான் சாபா கோன் யேலோ' என்றார். எந்தப் பால்? கண்டென்ஸ்டு மில்க்கா?

சமையல்கட்டு சாந்தி:
ஐயோ வேண்டாம், பாகிலேயே சர்க்கரை இருக்கிறதே. இனிப்பில்லாத எவாப்பரேட்டட் மில்க். வேகவைத்த ஜவ்வரிசி ஒரு கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள், பழத்தை முதலிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், சூடாகப் போட்டால் ஐஸ் நிற்காது.