கான்டெஸாவின் கதவடிப் பெட்டிக்குள் உப்புத்துரு: வழி சொல்லுங்கள்

மண்டபம் பக்கம் கடலை ஒட்டிக் குடியிருக்கிறோம். அப்பா ஓட்டிய 1989ஆம் ஆண்டு கான்டெஸா கார், இன்ஜின் நல்ல நிலையில் இருந்தும், தரைத்தகடும் பின்அச்சைப் பிடிக்கும் இடமும் அரித்துப்போனதால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாமல் உடற்கூடே பாரம் தாங்கும் வண்டி என்பதால், தகடு போனால் எல்லாம் போயிற்று.

சென்ற ஆண்டு மதுரையில் வாங்கிய 1994ஆம் ஆண்டு மாடலை, இசுஸு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வைத்த வண்டியை, இப்போது சீரமைத்து வருகிறேன். இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் குறையில்லை. கோளாறு, கதவுகளுக்குக் கீழே நீளும் பெட்டிப் பகுதியில். ராமநாதபுரத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் துருத்தகட்டை வெட்டியெடுத்து, புதுத்தகடு வெல்டிங் செய்து, துத்தநாகப் பிரைமரும் பெயிண்டும் அடித்தோம். வாடைக்காற்றுக் காலம் முடிவதற்குள் வெல்டிங் ஓரமாகக் கடுகளவு கொப்புளங்கள் எழுந்துவிட்டன. நகத்தால் கீறினால் ஈரமான செம்பொடி உதிர்கிறது.

பட்டி வைப்பது துருவை மறைக்குமே தவிர நிறுத்தாது என்பதால் அதை மறுத்துவிட்டேன். மீண்டும் சுரண்டிப் பிரைமர் அடித்தும், அடிப்பாகத்தில் தார்ப்பூச்சு கொடுத்தும், நீர் வடியும் துளைகளைத் திறந்து லாரித் தண்ணீரால் (போர் தண்ணீரும் இங்கே உப்புதான்) கழுவியும் பார்த்தாயிற்று. வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்து, அங்கே தகடு வெறுமையாக நிற்பதே காரணம் என்று நினைக்கிறேன். கை நுழையாத இடம் அது.

கடலோரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன்: தகட்டை மறுபடி வெட்டாமல், அந்தப் பெட்டிக்குள் குழாய் வழியே அடிப்பதற்கு மெழுகுப் பூச்சு நிலைக்குமா, எண்ணெய்ப் பூச்சு நிலைக்குமா?