மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிய 'செட்' மாத்திரை, அப்பாவுக்குச் சர்க்கரை 346. உடனே நிறுத்தலாமா?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் நீடாமங்கலம் பக்கம். அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை பத்து வருடமாக இருக்கிறது, பிரஷர் ஆறேழு வருடமாக. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளைமிபிரைடு 1 மி.கி. காலையில், பிரஷருக்கு டெல்மிசார்டனோடு நீர் பிரிகிற மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரை. சாமி கும்பிட மறந்தாலும் மாத்திரையை மறக்க மாட்டார், அந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது.

சம்பா நடவு சமயத்தில் முட்டி வலி அதிகமாகிவிட்டது. கடைத்தெருவில் இருக்கிற மெடிக்கலில் போய்க் கேட்டிருக்கிறார், அவர்களும் செட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கே தெரியும், சின்னக் காகிதக் கவர், உள்ளே பட்டையிலிருந்து வெட்டியும் உதிர்த்தும் போட்ட மூன்று மாத்திரை, மேலே பேனாவில் கா, இ என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான், பேர் ஊர் எதுவும் இல்லை. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிட்டது என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பத்து செட், பத்து செட்டாக வாங்கி மூன்று மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு இது போன வாரம்தான் தெரியும், நான் திருப்பூரில் வேலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆள் பார்க்கப் பூசினாற்போல ஆகிவிட்டார். கன்னம் உப்பி, முகம் வட்டமாக. கல்யாண வீட்டில் எல்லோரும் "என்ன மாமா, இளமை திரும்புதா" என்று கேட்டார்கள், அம்மாவுக்கும் பெருமைதான். சரி, நல்லா சாப்பிடுகிறார் என்று நானும் நினைத்தேன். போன வாரம் ரத்தம் பார்த்தால் வெறும் வயிற்றில் 138, சாப்பிட்ட பிறகு 346. டாக்டர் "சோற்றைக் குறைங்க" என்று திட்டிவிட்டு கிளைமிபிரைடை 2 மி.கி. ஆக்கிவிட்டார். செட் மாத்திரை பற்றி அப்பா அங்கே வாயே திறக்கவில்லை. கேட்டால் "அது வலிக்குத்தானே, சர்க்கரைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்கிறார்.

சம்பந்தம் உண்டா? கவரைத் தூக்கி வாய்க்காலில் எறிந்துவிடலாம் போல ஆத்திரம் வருகிறது, இன்றோடு நிறுத்தச் சொல்லிவிடட்டுமா? ஒன்று மஞ்சளாக உருண்டை, ஒன்று பொடிசாக வெள்ளை, ஒன்று கேப்சூல். படம் வேண்டுமானால் போடுகிறேன்.

அரசலாறு:

தம்பி, முதல் வேலை, எறியாதீர்கள். நிறுத்தவும் சொல்லாதீர்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் கும்பகோணம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், பி.ஃபார்ம், பதினெட்டு வருடம். படம் போட வேண்டாம். பொடிசாக வெள்ளையாக நூறு மாத்திரை இருக்கிறது, படத்தைப் பார்த்தே பேர் சொல்கிறவனை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். ஆனால் நீங்கள் சொல்கிற கதையைக் கேட்டால் அந்தச் சின்ன வெள்ளை ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று பலமான சந்தேகம். வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அமுக்குகிற மருந்து ஜாதி அது, டெக்சாமெத்தாசோன் அல்லது பீட்டாமெத்தாசோன். மறுநாளே வலி பறப்பது, முகம் வட்டமாவது, வெறும் வயிற்றில் கொஞ்சமாகவும் சாப்பிட்ட பிறகு தாறுமாறாகவும் சர்க்கரை ஏறுவது, மூன்றும் அதோடு பொருந்துகிறது. இளமை திரும்பவில்லை தம்பி, அது மருந்து போட்ட மேக்கப்.

ஏன் உடனே நிறுத்தக்கூடாது? நம் உடம்பில் சிறுநீரகத்துக்கு மேலே அட்ரீனல் என்று ஒரு சுரப்பி, அது தானாகவே தினமும் இந்த ஜாதிச் சரக்கைச் சுரக்கிறது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் மாத்திரையாகப் போனால் அது வேலையைக் குறைத்துவிடும். மூன்று வாரத்துக்கு மேல் போனாலே இந்தப் பயம் உண்டு, உங்கள் அப்பா மூன்று மாதம். திடீரென்று நிறுத்தினால் சுரப்பி எழுந்து வேலை செய்ய நாளாகும், அதற்குள் வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்குவது, எழுந்து நிற்க முடியாத அசதி. காய்ச்சலோ பேதியோ கூடச் சேர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அந்த மஞ்சள் உருண்டை டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரையாக இருந்தால் அது தனிக் கவலை. டெல்மிசார்டன் ஒரு பக்கம், நீர் பிரிகிற மருந்து ஒரு பக்கம், நடுவில் வலி மாத்திரை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கிட்னிக்குப் போகிற ரத்தம் குறையும். வெயிலில் வயலில் நின்று வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருக்கிற 67 வயது ஆளுக்கு இது இன்னும் மோசம். கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை, கிரியாட்டினின், பார்த்தீர்களா?

நாளைக்கே அந்தக் கவரை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போங்கள். சண்டை போடாமல், "டாக்டர் கேட்கிறார், மூன்றின் பேரும் மில்லிகிராமும் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும். ஸ்டீராய்டு ஷெட்யூல் ஹெச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, பட்டையிலேயே கட்டம் போட்டு அச்சடித்திருக்கும். உதிர்த்துக் கொடுத்தால் அந்தக் கட்டமும் போச்சு, காலாவதித் தேதியும் போச்சு.

கோட்டகத்தான்:

எல்லோரும் கடைக்காரரையே குறை சொல்கிறீர்கள். நானும் செட் வாங்கிச் சாப்பிடுகிற ஆள்தான். எங்கள் ஊரிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஓ.பி. சீட்டு வாங்கி நின்று முடித்தால் ஒரு நாள் கூலி போச்சு. தனியார் டாக்டரிடம் போனால் ஃபீஸ், அதற்குப் பிறகு டெஸ்ட், அதற்குப் பிறகு அரைப் பை மருந்து. கடையில் முப்பது ரூபாயில் வேலை முடிகிறது, மறுநாள் மண்வெட்டி தூக்கலாம். நடவு நேரத்தில் "ஓய்வு எடுங்க" என்று சொல்கிற டாக்டர் வந்து நாற்று நட்டுக் கொடுப்பாரா? மாத்திரை தப்பு என்றே வைத்துக்கொண்டாலும் அந்த ஆளை அங்கே தள்ளியது எது என்றும் பேசுங்கள்.

குடமுருட்டி அக்கா:

கோட்டகத்தான் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிராமத்தில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள் நான், கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். ஆனால் சர்க்கரை, பிரஷருக்காவது இப்போது அந்த அலைச்சல் குறைந்திருக்கிறதே. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசு இல்லை.

நான் வேறு ஒன்று கேட்க வந்தேன். வெண்ணாற்றங்கரை தம்பி, அப்பா அரசு மாத்திரையும் வாங்குகிறாரா? ஒரு பாட்டி எனக்கு ஞாபகம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெட்ஃபார்மினை "அது சர்க்கரை மாத்திரை" என்று சாப்பிடுவார், தனியார் டாக்டர் எழுதிய கம்பெனி மாத்திரையை "அது கால் எரிச்சலுக்கு" என்று சாப்பிடுவார். பட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டும் ஒரே மெட்ஃபார்மின். வயிறு எப்போதும் கலக்குகிறது என்று அதற்கு மூன்றாவதாக ஒரு மாத்திரை! பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர், மருந்தின் பேர் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதைப் படிக்க வேண்டும்.

நிறத்தையும் நம்பக்கூடாது. போன மாதம் வெள்ளை, இந்த மாதம் ரோஸ், அதனால் இது வேறு மருந்து என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அரசு மருந்தை வாங்கிக் கொடுப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1994-லிருந்து இருக்கிறது. டெண்டரில் கம்பெனி மாறினால் நிறம் மாறும், உள்ளே மருந்து அதேதான்.

அப்புறம் முக்கியமானது. டாக்டர் கிளைமிபிரைடை ஏற்றியது ஸ்டீராய்டு ஏற்றிவிட்ட சர்க்கரைக்கு. அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்ததை வைத்து எழுதினார். ஸ்டீராய்டைக் குறைக்கக் குறைக்கச் சர்க்கரை தானாக இறங்கும், அப்போது இந்த 2 மி.கி. அப்படியே இருந்தால் லோ ஷுகர் ஆகி வரப்பிலேயே விழுந்துவிடுவார். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், நினைவு இருந்தால் மட்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்தியல்_தஞ்சை:

மருந்தியல் மேற்படிப்பு மாணவன். மேலே இருவரும் சொன்னது சரி, ஸ்டீராய்டின் கதையை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பா ஏமாந்த அதே இடத்தில் உலகமே ஒருமுறை ஏமாந்திருக்கிறது.

1948-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு இளம்பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில நாளிலேயே எழுந்து நடந்தார். மருத்துவ உலகமே கொண்டாடியது, 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. பிறகு தொடர்ந்து கொடுக்கக் கொடுக்கத்தான் வட்ட முகம், எலும்புத் தேய்வு, சர்க்கரை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கெட்ட மருந்து என்று சொல்லவில்லை. 2020-ல் கொரோனாவில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததும் இதே டெக்சாமெத்தாசோன்தான். அங்கே நாளைக்கு 6 மி.கி., அதிகபட்சம் பத்து நாள், பக்கத்தில் டாக்டர். இங்கே மூன்று மாதம், கவரில் "கா, இ".

ஒரு மருந்து கடைக்கு வருவதற்கு முன் முதலில் சில பத்துப் பேர், அப்புறம் சில நூறு, அப்புறம் சில ஆயிரம் பேர் என்று படிப்படியாகச் சோதிப்பார்கள். ஆனால் அந்த ஆயிரம் பேரில் நம் அப்பாக்கள் குறைவு. வயதானவர், கிட்னி சரியில்லாதவர், ஐந்து மருந்து சாப்பிடுகிறவர் பலரையும் சேர்க்க மாட்டார்கள். அதனால் சில கோளாறுகள் ஊரெல்லாம் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். ரோஃபிகாக்சிப் என்று ஒரு வலி மாத்திரை 1999-ல் வந்தது, மாரடைப்பு அதிகமாகிறது என்று 2004-ல் கம்பெனியே திரும்பப் பெற்றது. இதற்காகத்தான் நம் நாட்டில் 2010-லிருந்து மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. டாக்டர்தான் என்றில்லை, நோயாளியோ வீட்டு ஆளோ 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பக்கவிளைவைச் சொல்லலாம். மருந்தின் பேர் கேட்பார்கள் என்பதுதான் சிக்கல், செட் சாப்பிட்டவர் என்ன சொல்வார்?

வெண்ணாற்றங்கரை:

ஐந்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும், அலைச்சல். அரசலாறு அண்ணன் சொன்னபடி சண்டை போடாமல் போய்க் கேட்டேன். முதலில் "வலி மாத்திரை, வாய்வு மாத்திரைதான்" என்றார்கள். டாக்டர் கேட்கிறார் என்று நின்றுகொண்டே இருந்தேன், அதற்குப் பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். டைக்ளோபினாக் 50, டெக்சாமெத்தாசோன் 0.5, ஒமிப்ரசோல் கேப்சூல். இரண்டு வேளையும்.

அதே டாக்டரிடம் அப்பாவை அழைத்துப்போய்ச் சீட்டைக் காட்டினேன். ஒரு நிமிடம் பேசவே இல்லை, அப்புறம் "பெரியவரே, இதைப் போன வாரம் சொல்லியிருந்தா நான் ஏன் உங்க சோத்துல கை வைக்கிறேன்" என்றார். டைக்ளோபினாக்கை அன்றைக்கே நிறுத்தினார். டெக்சாவுக்குப் பதிலாக பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டை எழுதி, வாரக்கணக்கில் எப்படிக் குறைப்பது என்று ஒரு தாளில் தேதி போட்டுக் கொடுத்தார். கிளைமிபிரைடு திரும்ப 1 மி.கி., வாரம் ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 1.6, கூடுதல்தான், பத்து நாளில் மறுபடி எடுக்கச் சொன்னார். அக்கா கேட்ட இரட்டை மாத்திரையும் தேடிப் பார்த்தேன், அது இல்லை.

கோட்டகத்தான் அண்ணனுக்கு ஒன்று. நீங்கள் சொன்னதுதான் உண்மை, அப்பாவும் அதையேதான் சொல்கிறார். "எல்லாத்தையும் நிறுத்திட்டீங்க, வலிக்கு என்னடா பண்றது?" நான்கு நாளாக முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பார்க்கப் பாவமாக இருக்கிறது.

அரசலாறு:

கிரியாட்டினின் இறங்கும் என்று நம்புவோம். வலிக்கு டாக்டரிடம் பாராசிட்டமால் கேட்டுப் பாருங்கள், எந்த அளவு என்று அவரே சொல்லட்டும். ஆனால் காய்ச்சலுக்கு, சளிக்கு என்று வாங்குகிற மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் தடவுகிற வலி ஜெல் கேட்டாலும் கிட்னி விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

குடமுருட்டி அக்கா:

தொடைத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது தம்பி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, மனதுக்குள் பத்து எண்ணி இறக்க வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது, ஒன்றரை இரண்டு மாதம் விடாமல் செய்தால்தான் தெரியும். சம்மணம் போட்டு உட்காருவதையும் குந்துவதையும் குறைக்கச் சொல்லுங்கள், களை எடுக்கும்போது ஒரு சின்ன முக்காலி வைத்துக்கொள்ளலாம்.

வெண்ணாற்றங்கரை:

பயிற்சி செய்கிறார் அக்கா, அம்மா எண்ணுகிறார், ஏழோடு நிறுத்திவிடுகிறார். முக்காலிக்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். வயலில் முக்காலி போட்டு உட்கார்ந்தால் பக்கத்து வரப்புக்காரர் சிரிப்பாராம்.