வீட்டில் தமிழ் பேசுவதுதான் காரணமாம்!

லண்டனில் மகன் ரிசெப்ஷன் (பள்ளியின் முதல் ஆண்டு) வகுப்பில் இருந்தபோது நடந்தது இது. ஈஎச்சி திட்டம் என்பது, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு என்னென்ன தர வேண்டும் என்று உள்ளூர் கவுன்சில் எழுதித் தரும் சட்டபூர்வ ஆவணம். அதற்காக அவனை மதிப்பீடு செய்யச் சொல்லி நானே கவுன்சிலுக்கு எழுதினேன். பள்ளிதான் எழுத வேண்டும் என்றில்லை. ஆறாவது வாரம் பதில் வந்தது: மதிப்பீடு தேவையில்லை, வீட்டில் வேறு மொழி பேசுவதால் வரும் தாமதம்தான்.

அவனுக்குத் தமிழும் வரவில்லையே! தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து சிங்க் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிற பிள்ளை.

சிறப்புக் கல்விச் சட்டம் பற்றி ஆலோசனை தரும் இப்சியா (IPSEA) தொண்டு நிறுவனத்தின் இலவச ஆலோசனையில்தான் விஷயம் புரிந்தது. வீட்டு மொழி வேறு என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்கிறது 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம். கவுன்சில் இதைப் பிடித்துக்கொண்டு, 'மட்டும்' என்ற சொல்லை விட்டுவிட்டது. அதோடு, மதிப்பீட்டுக்குத் தேவை உறுதியாக வேண்டியதில்லை, 'இருக்கலாம்' என்றாலே போதும்.

கவுன்சில் மறுத்தால் ட்ரிபியூனல் என்ற தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. கடிதத் தேதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது மீடியேஷன் (கவுன்சிலோடு சமரசப் பேச்சு) சான்றிதழ் வந்து ஒரு மாதம், எது பிந்தியதோ அதுவரை நேரம் உண்டு. மீடியேஷன் வேண்டாம் என்று போனில் சொன்னாலும் சான்றிதழ் தருவார்கள். எனக்கு இது தெரியாமல் மூன்று வாரம் வீணாயிற்று.

ஆதாரமாக ஸ்பீச் தெரபிஸ்ட்டின் அறிக்கையை வைத்தேன். ஒரு வாரத்தில் அவன் சொன்ன தமிழ்ச் சொற்களையும் எழுதி வைத்தேன், மொத்தம் ஒன்பது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை, 'இங்கேயும் பேசுவதில்லை' என்று அரைப் பக்கம் எழுதித் தந்தார். என்னைக் கேட்டால் அந்த அரைப் பக்கம்தான் வேலை செய்தது. ட்ரிபியூனல் முடிவெடுக்கும் முன்பே, மதிப்பீடு செய்கிறோம் என்று கவுன்சில் இறங்கி வந்துவிட்டது.

---

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். மகனின் ஈஎச்சி திட்டம் கைக்கு வந்ததும் எஃப் பகுதியைப் பாருங்கள். என்ன உதவி, எவ்வளவு என்பது அதில்தான் வரும். என் மகளுக்குத் 'தேவைக்கேற்ப ஸ்பீச் தெரபி' என்று எழுதியிருந்தார்கள். நானும் சந்தோஷமாகச் சரி என்றுவிட்டேன். டெர்முக்கு ஒருதடவை யாரோ வந்து எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். கேட்டால், திட்டத்தில் உள்ளதைத்தானே செய்கிறோம் என்றார்கள். மறு ஆண்டு மேல்முறையீடு செய்து, 'வாரம் ஒருமுறை, 45 நிமிடம், தெரபிஸ்ட் நேரில்' என்று மாற்றினோம். திட்டத்தின் வரைவு வந்தால் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் தர வேண்டும். அப்போதே 'தேவைக்கேற்ப' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எத்தனை மணி, யார் தருவார் என்று எழுதிக் கேளுங்கள்.