2061க்குப் பிறகு ஜோகூர் தண்ணீர் இல்லையென்றால்: சிங்கப்பூருக்குக் கடல்நீர் ஆலைகளே போதுமா?

(சவ்வூடு, லிங்கியு, பம்ப்ஹவுஸ் மூன்றும் பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

சவ்வூடு:
1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜோகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். கனமீட்டரில் சொன்னால் சுமார் 11.4 லட்சம். 2061இல் ஒப்பந்தம் முடிகிறது. அந்த அளவு முழுவதையும் கடலிலிருந்தே எடுக்கலாம் என்பது என் கட்சி. இன்றைய ஆலையில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 3.5 யூனிட் மின்சாரம் ஆகிறது. மொத்தத்துக்கு நாளுக்கு 40 லட்சம் யூனிட், அதாவது இரவுபகல் 165 மெகாவாட். நாட்டின் மின் பயன்பாட்டில் இது 3 விழுக்காட்டைத் தொடாது. இடமும் தடையில்லை. மரினா ஈஸ்ட் ஆலையின் இயந்திரங்கள் தரைக்கடியில் இருக்கின்றன, கூரை புல்வெளியாக இருக்கிறது.

லிங்கியு:
அந்த 165 மெகாவாட் எங்கிருந்து வருகிறது அண்ணே? சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது. அதில் ஒரு பகுதி மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய் வழியாகத்தான் வருகிறது. தண்ணீர்க் குழாயை விட்டு எரிவாயுக் குழாயைப் பிடித்துக்கொள்வதைத் தற்சார்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. சூரிய மின்சாரம் என்பீர்கள். தெங்கே நீர்த்தேக்கத்தில் 45 ஹெக்டேரில் மிதக்கும் 60 மெகாவாட் தகடுகள் சராசரியாக நாளுக்கு 2 லட்சம் யூனிட் தரலாம். உங்களுக்கு வேண்டியதில் இருபதில் ஒரு பங்கு.

சவ்வூடு:
ஜூரோங் தீவு முனையத்தில் 2013 முதல் திரவ எரிவாயு இறங்குகிறது. கப்பலை எந்த நாட்டிலிருந்தும் வரவழைக்கலாம். ஜோகூர் ஆறு ஒன்றே ஒன்றுதான், அதுவும் நம்பும்படி இல்லை. மேலே லிங்கியு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால்தான் கீழே ஆற்றுக்குள் ஏறும் கடல் உப்பு பின்வாங்கும், நீரை எடுக்க முடியும். 2016 அக்டோபரில் லிங்கியுவின் இருப்பு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2019 ஏப்ரலில் ஆற்றில் அம்மோனியா கூடி நீர் எடுப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. ஒப்பந்தத் தாளில் இருக்கும் 25 கோடி கேலன் ஆற்றில் எல்லா நாளும் இருப்பதில்லை.

பம்ப்ஹவுஸ்:
இருவருமே ஆலை எப்போதும் முழுத் திறனில் ஓடும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கடலில் பாசி பெருகினால் முதலில் அடிவாங்குவது முன்சுத்திகரிப்பு. காற்றுக்குமிழி மிதவைத் தொட்டியில் பாசியை மேலே தள்ளி வழித்தெடுக்காவிட்டால் நுண்வடிகட்டி சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். நீரை எதிர்த்திசையில் விட்டு வடிகட்டியைக் கழுவும் பின்னோட்டக் கழுவல் கூடும், கழுவுகிற தண்ணீரும் உற்பத்தியிலிருந்தே போகும். எண்ணெய் இன்னும் மோசம். உப்பைப் பிரிக்கும் சவ்வில் படிந்தால் ரசாயனக் கழுவலும் பல நேரம் பலிக்காது, சவ்வையே மாற்ற வேண்டியதுதான். 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதை நினைத்துப் பாருங்கள். உலகின் நெரிசலான கடல்வழி இது. நீர் உறிஞ்சும் வாய்களை எல்லாம் தெற்குக் கரையிலேயே வைத்தால் ஒரே விபத்து பல ஆலைகளை நிறுத்திவிடும்.

இன்னொன்று போரான். கடல்நீரில் லிட்டருக்கு 4.5 முதல் 5 மில்லிகிராம் இருக்கும். அது மின்னேற்றம் இல்லாத போரிக் அமிலமாக இருப்பதால் சவ்வு அதைச் சரியாகப் பிடிக்காது. முதல் சுற்று நீரின் ஒரு பகுதியையாவது pH அளவை 10க்கு உயர்த்தி இரண்டாம் சுற்றில் விட வேண்டும். இந்தச் செலவைச் சேர்க்காமல் வரும் யூனிட் கணக்கை நம்பாதீர்கள்.

லிங்கியு:
அதனால்தான் புதுநீரை, அதாவது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் கழிவுநீரை, முதலில் வைக்கச் சொல்கிறேன். சாக்கடை நீரில் உப்பு குறைவு, கனமீட்டருக்கு 1 யூனிட் அளவில் முடிந்துவிடும். 100 லிட்டர் பயன்படுத்தி 80 லிட்டர் கழிவுநீராகத் திரும்பி, அதில் முக்கால் பங்கு சவ்வைத் தாண்டினால் 60 லிட்டர் மீண்டும் கையில்.

பம்ப்ஹவுஸ்:
வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். புதுநீர் பெரும்பாலும் போவதோ கணினிச் சில்லு ஆலைகளுக்கும் குளிரூட்டும் கோபுரங்களுக்கும். கோபுரத்தில் ஆவியானது சாக்கடைக்குத் திரும்பவே திரும்பாது, சுழற்சி அங்கேயே அறுந்துவிடுகிறது. ஆவியாவதைத் தடுக்க முடியாது. வெளியேற்றும் நீரைக் குறைக்கலாம். உப்பு 3 மடங்கு செறிந்ததும் வெளியேற்றினால் 100 லிட்டர் ஆவியாக 150 லிட்டர் ஊற்ற வேண்டும். 10 மடங்கு வரை விட்டால் 111 போதும். புதுநீரில் உப்பு குறைவு என்பதால் இது சாத்தியம். ஆனாலும் நீரின் உப்பளவைக் காட்டும் கடத்துத்திறன் மானியை முறையாக அளவுதிருத்தாமல் 10க்குப் போனால் குழாயில் படிவு கட்டும். தொழிற்சாலை ஏதாவது கள்ளத்தனமாக அசிட்டோனைச் சாக்கடையில் விட்டாலும் தொல்லைதான். சிறிய மூலக்கூறு, சவ்வைத் தாண்டி வந்துவிடும்.

சவ்வூடு:
கோபுரக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், உறிஞ்சு வாய்களைப் பிரித்துவைக்கச் சொன்னதையும். ஆனால் புதுநீர் முன்பே புழக்கத்தில் இருக்கும் தண்ணீரைத்தான் திருப்பித் தரும். நீண்ட வறட்சியில் புதிதாக உள்ளே வருவது கடல்நீர் மட்டுமே. 1963இல் மழை பொய்த்துச் சுமார் பத்து மாதம் தண்ணீர்ப் பங்கீடு நடந்த ஊர் இது. மரினா ஈஸ்ட் ஆலை போல, மழை நாளில் நீர்த்தேக்க நீரையும் வறண்ட நாளில் கடல்நீரையும் சுத்திகரிக்கும் இருமுறை ஆலைகளைக் கட்டினால் மின்செலவு என்ற குறையும் பாதி தீர்ந்துவிடும்.

லிங்கியு:
இருமுறை ஆலைக்கு என் எதிர்ப்பு இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே நீர்த்தேக்கம் வேண்டும். மரினாவுக்கு அது அமைந்தது. ஜூரோங் தீவில் அடுத்ததைக் கட்டினால் நீர்த்தேக்க நீரை அங்கே எந்தக் குழாயில் கொண்டுபோவீர்கள்?