1931 மாடல் ஏ கூப்பே, கீழ்ப்பாதி முழுக்கத் துரு: ஹாட் ராட் ஆக்க எங்கிருந்து தொடங்குவது?

பட்டர்வொர்த்வாசி:

அண்ணன்மாருக்கு வணக்கம். 1931 ஃபோர்டு மாடல் ஏ கூப்பே ஒன்னு கைக்கு வந்திருக்கு. வலப்பக்க ஸ்டீயரிங், என்ஜின் நம்பர் ‘சிஏ’ன்னு ஆரம்பிக்குது, அதனால கனடா தயாரிப்புன்னு நெனைக்கிறேன். 19 அங்குலக் கம்பிச் சக்கரம் நாலும் இருக்கு.

கூரைத் துணி போச்சு, உள்ளே இருந்த மரச்சட்டத்தைக் கரையான் தின்னு முடிச்சிருச்சு. கதவுக்கு அடியில அரைச் சாண் உயரத்துக்குத் தகரமே இல்ல. பாடி உட்காருற சப்ரெயில்ல ஸ்க்ரூடிரைவரை அழுத்தினா உள்ளே போகுது. சேஸி மட்டும் சுத்தியல்ல தட்டினா கணீர்னு கேக்குது. நாலு சிலிண்டர் என்ஜின் சுத்தாம ஜாம்.

ஆசை என்னன்னா, 1940கள் பாணி ஹாட் ராட் (பழைய வண்டியை வேகத்துக்காக மாத்திக் கட்டுறது). மட்கார்ட் வேணாம், கூரையை 3 அங்குலம் வெட்டி இறக்கணும், ஈப்போவுல விலைக்கு இருக்கிற 1951 ஃபிளாட்ஹெட் வி8 என்ஜினை (வால்வு பிளாக்குக்குள்ளேயே இருக்கிற எட்டு சிலிண்டர்) ஏத்தணும், கறுப்புப் பெயிண்ட். முதல்ல சேஸியா பாடியா? மொத்தமா மணல் அடிச்சிடலாமா? வி8 நம்ம ஊர் வெயிலுக்கும் ரோட்டு ஜாமுக்கும் தாங்குமா?

தகரத்தட்டி:

தம்பி, மணல் அடிக்கக் கூப்பிட்டிருந்தா உடனே வேணாம்னு சொல்லிடுங்க. இந்த வண்டியோட தகரம் ஏறக்குறைய 0.9 மி.மீ. மணல் ஒரு பக்கமா அடிக்க அடிக்க மேல்தோல் நீளும், தகரம் உப்பிக்கிட்டு ‘டொக் டொக்’னு உள்ளே வெளியே போகும். அப்புறம் அதை யாராலும் நேராக்க முடியாது. சேஸி, ஆக்ஸில், பிரேக் பிளேட் இதுக்கெல்லாம் மணல் சரி. கதவு, கூரை, பின்பக்கத் தகரத்துக்கு கம்பி பிரஷ் கிரைண்டரும் பாஸ்பாரிக் ஆசிட்டும் போதும். சின்னச் சாமானுக்கு சலவைச் சோடா கரைச்ச தண்ணித் தொட்டியில 12 வோல்ட் சார்ஜர் வெச்சு மின்முறையில துரு எடுக்கலாம். சாமானுக்கு நெகட்டிவ், பக்கத்துல தொங்குற பழைய இரும்புத் தகட்டுக்குப் பாசிட்டிவ். அந்தத் தகடு எவர்சில்வரா இருக்கக் கூடாது, தண்ணி நச்சாயிடும்.

அமெரிக்கக் காணொளிகள்ல பார்க்கிற கூப்பே எல்லாம் பாலைவனத்துல காய்ஞ்சு கிடந்தது. அதுக்கு மேல்துரு மட்டும்தான். பினாங்குக் கடல்காத்துல நின்ன வண்டி ரெண்டு தகரம் மடிஞ்சு சேர்ற இடத்துல உள்ளேயிருந்து அழுகும். வெளியே ஒரு கொப்புளம் தெரிஞ்சா உள்ளே நாலு மடங்கு போயிருக்கும். கூரை ஓட்டை வழியா இறங்கின தண்ணி பின் குவார்ட்டர் பேனலுக்குள்ளதான் தேங்கியிருக்கும், அங்கே பாருங்க.

வரிசை முக்கியம். பாடியைச் சேஸியிலிருந்து இப்போ தூக்காதீங்க. சப்ரெயில் இல்லாத கூப்பேயைத் தூக்கினா கதவு நிலை வாயைத் திறந்துடும். சேஸியை நாலு ஸ்டாண்டுல மட்டம் பார்த்து வையுங்க. கதவு ரெண்டையும் மாட்டி, கீல் பக்கம் மேலேயும் கீழேயும் இடைவெளி ஒரே அளவா வர்ற வரைக்கும் பாடி போல்ட்டுக்குக் கீழே ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வெச்சுச் சரி பண்ணுங்க. அதுக்கப்புறம் 25 மி.மீ. சதுரக் குழாயில (1.6 மி.மீ. கனம்) ஒவ்வொரு கதவு நிலையிலும் மூலைக்கு மூலை ஒரு கட்டு, இடது நிலைக்கும் வலது நிலைக்கும் நடுவுல ரெண்டு கட்டு வெல்ட் பண்ணுங்க. கதவு திறந்து மூடுற மாதிரி கட்டை உள்பக்கமா வைக்கணும், இல்லேன்னா சரிபார்க்கவே முடியாது. கட்டு நின்னதும் ஒரு பக்க சப்ரெயிலை மட்டும் அறுத்து எடுங்க, 2 மி.மீ. தகட்டை மடிச்சுப் புதுசு போட்டு, கதவை மூடிப் பாருங்க. சரியா இருந்தா மட்டும் அடுத்த பக்கம்.

ஒட்டுத் தகரத்துக்கு 0.9 அல்லது 1 மி.மீ. கறுப்பு ஷீட். நாகம் பூசின ஷீட் வேணாம், புகையும் கெடுதல், வெல்டும் ஓட்டை ஓட்டையா வரும். துரு நின்ன இடத்தோட வெட்டாம, நல்ல தகரம் பளபளன்னு தெரியற இடம் வரைக்கும் போய் வெட்டுங்க. கோடு பேனலோட நட்டநடுவுல விழக் கூடாது, ஒரு மடிப்புக்கோ பீடிங்குக்கோ பக்கத்துல விழணும். மேலே மேலே வெச்சு ஒட்டாதீங்க, அந்த இடுக்குல மறுபடியும் துரு உட்காரும். முனைக்கு முனை சேர்த்து, மிக் வெல்டுன்னா 0.6 மி.மீ. கம்பி, 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி, எதிரெதிர்ப் பக்கமா. கை பொறுக்கிற சூடு ஆனதுக்கப்புறம் அடுத்த புள்ளி. வெல்ட் ஆறும்போது சுருங்கி இழுக்கும், அதைத் தட்டி நீட்டினாத்தான் தகரம் நேராகும். மிக் வெல்ட் கடினமா இருக்கும், தட்டினா விரிசல் விடும். அதனால பின்பக்கம் கை போகிற இடத்துல டிக் அல்லது கேஸ் வெல்ட் நல்லது, மெதுவா இருக்கும், டாலி (கையில பிடிக்கிற இரும்புக் கட்டை) வெச்சுத் தட்டலாம்.

இன்னொன்னு, பெட்ரோல் டேங்க் கண்ணாடிக்கு முன்னாடி பாடியோட சேர்ந்தே இருக்கு. காலியா கிடக்கேன்னு பக்கத்துல வெல்ட் பண்ணிடாதீங்க. காலி டேங்க்தான் வெடிக்கும். முதல் நாளே கழட்டி வெளியே வைங்க.

பிறை வெல்டர்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. சேஸி பற்றி நான் எழுதுகிறேன்.

மாடல் ஏ சேஸி வெறும் ‘ப’ வடிவத் தகடு. 40 குதிரைசக்திக்குப் போதும், 100-க்குப் போதாது, முறுக்கிக்கொள்ளும். உட்புறம் 3 மி.மீ. தகடு வைத்துப் பெட்டியாக்க வேண்டும். குறைந்தது முன் குறுக்குச்சட்டத்திலிருந்து கியர்பாக்ஸ் தாங்கி வரை. முழு நீளமும் ஒரே மூச்சில் வெல்ட் ஓட்டினால் ரெயில் வாழைப்பழமாக வளையும். சேஸியை மட்டமான இரும்பு மேசையில் பிடித்துக் கட்டி, 50 மி.மீ. வெல்ட், 50 மி.மீ. விட்டு அடுத்தது, இடது ரெயில் வலது ரெயில் என்று மாறி மாறிச் செய்யவும். ஒவ்வொரு சுற்றுக்கும் மூலைவிட்ட அளவு எடுக்கவும். இரண்டு மூலைவிட்டமும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடவும்.

தாழ்த்துவதற்குப் பின் ரெயிலை வெட்டி இசட் வடிவம் ஆக்குவது பலரின் ஆசை. இங்கே அது தேவையில்லாத தலைவலி. முன்னால் 4 அங்குலம் இறக்கிய ஐ-பீம் ஆக்ஸில், கண் திருப்பிய ஸ்பிரிங், இவ்வளவிலேயே முகம் தரையைப் பார்க்கும். முன் ஆக்ஸிலைப் பிடிக்கும் ‘வி’ வடிவ விஷ்போன் கம்பியைப் பிளந்து ரெயிலுக்குக் கொண்டுவந்தால், ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது ஆக்ஸில் முறுகியே ஆக வேண்டும். ஐ-பீம் முறுகும், குழாய் ஆக்ஸில் முறுகாது, பிராக்கெட்டைப் பிய்க்கும். ஆக்ஸிலைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.

காஸ்டர் (கிங்பின், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு, பின்னால் சாயும் கோணம்) 5 முதல் 7 டிகிரி, டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கும் அளவு) 3 மி.மீ. வண்டி 60 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடினால் முதலில் கிங்பின் தேய்மானம், பிறகு காஸ்டர். டாம்பர் (ஆட்டத்தை அடக்கும் கருவி) வைத்து மறைக்காதீர்கள். குறுக்கு இழுகம்பி ஸ்டீயரிங் என்றால் பன்ஹார்ட் கம்பி கட்டாயம், ஏனென்றால் குறுக்கு ஸ்பிரிங்கின் ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையை ஆடவிடும் இணைப்பு) ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகரவிடும், கை திருப்பாமலே வண்டி திரும்பும். முன்பின்னாக ஓடும் இழுகம்பி என்றால் அந்தத் தொல்லை குறைவு. வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு அமெரிக்கக் கிட் பொருந்தாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விற்பனையாளர்களிடம் கேளுங்கள்.

பிரேக்கை என்ஜினுக்கு முன் முடிக்க வேண்டும். மாடல் ஏ-யில் இருப்பது கம்பி இழுவை பிரேக். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்ததே 1939-இல்தான். 1939 முதல் 1948 வரையான 12 அங்குல டிரம் செட் இந்த ஆக்ஸிலுக்குப் பழக்கப்பட்டது. மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை உள்ளதாக இருக்கட்டும். அது மிதிபலகைக்குக் கீழே இருந்தால் டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (லைனில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைப்பது) போடுங்கள். போடாவிட்டால் மிதி ஒவ்வொரு முறையும் இரண்டாம் மிதிக்குத்தான் பிடிக்கும்.

சக்கரம்: 16 அங்குல ஸ்டீல் ரிம், பின்னால் பெரிய டயர், முன்னால் சிறியது. போல்ட் வட்டம் 5 துளை, 139.7 மி.மீ. பழைய சுசுகி ஜிம்னியும் அதே அளவுதான். சோதனை ஓட்டத்துக்கு அந்த ரிம் கைகொடுக்கும், நடுத்துளையும் ஆஃப்செட்டும் மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்வாசி:

ரொம்ப நன்றிண்ணே. கட்டு போடாம பாடியைத் தூக்க ஆள் பேசி வெச்சிருந்தேன், வேணாம்னுட்டேன். என்ஜின் பத்தி யாராவது சொல்லுங்களேன். வி8 ஓனர் ‘ஓடுற கண்டிஷன்’னு சொல்றாரு.

செந்தூல் லேத்:

‘ஓடுற கண்டிஷன்’ங்கிறது ஃபிளாட்ஹெட்டுல ஒரு அர்த்தமும் இல்லாத சொல். பிளாக்கைக் காலியாக்கி, கழுவி, காந்தத்தூள் சோதனை பண்ணாம காசு குடுக்காதீங்க. விரிசல் விழுற இடம் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல, அப்புறம் ஹெட் போல்ட் துளையைச் சுத்தி. போல்ட் துளையிலிருந்து தண்ணிவழி வரைக்கும் இருக்கிற சின்னக் கோட்டைச் சமாளிக்கலாம். சீட்டைத் தாண்டி சிலிண்டருக்குள்ள இறங்கினதுன்னா ஸ்லீவ் (சிலிண்டருக்குள்ள புதுக் குழாய்) போடணும், செலவு வேற மாதிரி போகும்.

சூடாகுறதுக்குக் காரணம் வடிவத்துலயே இருக்கு. எக்ஸாஸ்ட் புகை பிளாக்குக்கு நடுவுல தண்ணி ஜாக்கெட்டைத் தாண்டித்தான் வெளியே வரும். ஒரு பக்கத்துக்கு நாலு சிலிண்டர், ஆனா துளை மூணு, நடுவுல ரெண்டும் ஒரே வழி. அந்தச் சூடு முழுக்கத் தண்ணிக்குத்தான். இருந்தாலும் வண்டி கொதிக்கிறதுக்குப் பெரும்பாலும் வடிவம் காரணமில்ல, குப்பைதான். வார்க்கும்போது தங்கின மணலும் எழுபது வருஷத் துருவும் பின் ரெண்டு சிலிண்டரைச் சுத்திச் சேறா நிக்கும். ஃபிராஸ்ட் பிளக் (தண்ணி ஜாக்கெட் துளை மூடி) எல்லாத்தையும் எடுத்து, கம்பி விட்டுக் கிளறி, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவுங்க. ரெண்டு பம்பும் புதுசு, தெர்மோஸ்டாட் ரெண்டும் 71 டிகிரி, ரேடியேட்டர் நாலு வரிசை. அப்பவும் ஜாலான் ஈப்போ ஜாமுல ஊசி ஏறினா இக்னிஷன் டைமிங்கைப் பாருங்க. தாமதமா எரிஞ்சா புகைச்சூடு பிளாக்குலதான் இறங்கும். ஹெட் போல்ட் துளை பல தண்ணிக்குள்ள திறக்கும், மரையில சீலண்ட் தடவாம முடுக்கினா ஒழுகும்.

1949-க்குப் பிந்தின 8பிஏ வகைக்கு பெல்ஹவுசிங் (கிளட்சை மூடுற கூடு) தனியா கழலும், பழைய 1939 கியர்பாக்ஸ் போட அதுக்கேத்த லாரி ஹவுசிங் அல்லது அடாப்டர் தேடணும். மாடல் ஏ-யோட கியர்பாக்ஸ் வி8-க்கு நிக்காது. பின் ஆக்ஸில்ல டார்க் டியூப் (ஷாஃப்டைச் சுத்தி மூடின குழாய்) இருக்கு, அதுதான் ஆக்ஸில் முறுகாமப் பிடிக்குது. புது கியர்பாக்ஸ் போட்டு டியூபை எடுத்துட்டு சும்மா ஷாஃப்ட் மாட்டினா, குறுக்கு ஸ்பிரிங்கால முறுக்கைத் தாங்க முடியாது. தனியா டார்க் ஆர்ம் கட்டணும். இதை விட்டுட்டு முதல் கிளட்ச்லயே ஷாஃப்ட் ஜாயின்ட் உடையற வண்டி நிறைய.

என்னைக் கேட்டா, நாலு சிலிண்டரையே எழுப்புங்க. தெற்குக் கலிஃபோர்னியா உலர் ஏரிகள்ல ஓடின ஆரம்பகால வண்டிகள்ல நிறைய இந்த நாலு சிலிண்டர்தான், வி8 வந்ததே 1932-ல. 3.3 லிட்டர், ஆலைக் கம்ப்ரெஷன் 4.2, அதை 5.5 ஹெட் போட்டு ஏத்தி, டவுன்டிராஃப்ட் கார்புரேட்டர் வெச்சா மலை ஏறும்போதே வித்தியாசம் தெரியும். பேரிங் பேபிட் (வெள்ளை உலோகம்) ஊத்தினது, எண்ணெய் அழுத்தத்துல போகல, வடிஞ்சும் தெளிச்சும்தான் போகுது, அதனால உயர் ஆர்பிஎம் ஆசை வேணாம். ஜாம் ஆனதைச் சம்மட்டியால அடிக்காதீங்க. ஹெட்டைக் கழட்டுங்க, பெரும்பாலும் திறந்து நின்ன வால்வுதான் துருப்பிடிச்சு மாட்டியிருக்கும். சிலிண்டர்ல ஏடிஎஃப் (ஆட்டோ கியர்) எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி ஊத்தி விட்டு வெச்சு, பிஸ்டன் தலையில மரக்கட்டை வெச்சு லேசாத் தட்டுங்க.

கெரான் முதலில்:

எல்லாரும் இரும்பைப் பேசுறீங்க, காகிதத்தை யாரும் பேசல.

மாடல் ஏ-யில சேஸி நம்பரும் என்ஜின் நம்பரும் ஆலையில ஒரே எண். சேஸி ரெயிலோட மேல்முகத்துல அடிச்சிருப்பாங்க, பாடி அதை மூடியிருக்கும். கட்டு போட்டு முடிச்சு பாடியைத் தூக்கின அன்னைக்கே கம்பி பிரஷ் தொடாம படம் எடுங்க, அந்த இடத்துக்கு டேப் ஒட்டித்தான் மணல் அடிக்கக் குடுக்கணும். சேஸியைப் பெட்டியாக்குற வெல்டும் அங்கே வேணாம். நம்பர் அழிஞ்சா அதுக்கப்புறம் உங்ககிட்ட இருக்கிறது அழகான இரும்புச் சாமான் மட்டும்தான். 1932 பாணி புது ரெயில் வாங்கச் சொல்லுவாங்க, அதே காரணத்துக்காக வேணாம்.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டர்ல அந்தப் பதிவு எண் இன்னும் உயிரோட இருக்கான்னு இப்பவே கேளுங்க. பேர் மாத்த பி5 ஆய்வு (புஸ்பாகோம் மாதிரி வாகனப் பரிசோதனை மையத்துல) வேணும். என்ஜின் மாத்தினா முன்கூட்டியே அனுமதி, ஆய்வு, கெரான்ல (வண்டியோட பதிவுப் பத்திரம்) திருத்தம். நாலு சிலிண்டரையே வெச்சா இந்த வேலை முழுக்க மிச்சம். ஆய்வுக்கு மட்கார்டோட போங்க. அதை வெல்ட் பண்ணாம போல்ட்டுல மாட்டுங்க. உருளை மேல பிரேக் சோதனை நடக்கும்போது இடது வலது வித்தியாசம்தான் பழைய வண்டிகளைத் தோக்கடிக்கும். டிரம் எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கடைஞ்சு, ஷூவை அந்த வளைவுக்கே தேய்ச்சு எடுங்க.

தகரத்தட்டி:

கூரை வெட்டுறதைப் பத்தி ஒரு வார்த்தை. 3 அங்குலம்னு வாய்ல சொல்றது சுலபம். தூண்கள் சாய்ஞ்சு நிக்குது, மேல் பாதியை இறக்கினா கீழ்ப் பாதியோட முனை சேராது, பின் கண்ணாடி, கதவுச் சட்டம், கண்ணாடி ஓடுற பள்ளம் எல்லாத்தையும் திரும்பச் செய்யணும். சப்ரெயிலும் இல்லாத, கூரைச் சட்டமும் இல்லாத வண்டியில ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சா நேர் எதுன்னு பார்க்க ஒரு அளவுகூட மிஞ்சாது. கீழ்ப்பாதி முடியட்டும். கரையான் தின்ன சட்டத்துக்கு 25 மி.மீ. சதுரக் குழாயை வளைச்சுப் போடுங்க. வெட்டணும்னு அப்பவும் தோணினா 2 அங்குலம், அதுக்கு மேல போனா ஓட்டும்போது சிக்னல் விளக்கு கண்ணுக்குத் தெரியாது.

பெயிண்டுக்கு: தேய்ச்ச தகரத்தை ராத்திரி சும்மா விட்டா காலையில ஆரஞ்சு நிறம். அன்னன்னைக்குத் தேய்ச்சதுக்கு அன்னைக்கே எபாக்ஸி பிரைமர். புட்டி எபாக்ஸிக்கு மேல. புட்டி ஈரத்தை உறிஞ்சும், அதைத் திறந்து போட்டுத் தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. மழை விட்ட சாயங்காலத்துல லேக்கர் அடிச்சா கறுப்பு வெளிறிப் பால் மாதிரி ஆகும். மெதுவா காயிற தின்னர், காலை பத்து மணிக்கு மேல. மடிப்பு, சப்ரெயில் உள்பக்கம் எல்லாத்துக்கும் கடைசியில மெழுகு எண்ணெய் குழாய் விட்டு அடிங்க, கதவு அடியில இருக்கிற வடிகால் துளையை மட்டும் குச்சி விட்டுத் திறந்து வைங்க.