ஓவிய அறையை அடுக்கிய கதை: உங்களுக்கு எப்படி நடந்தது?

திருவாரூர் மாவட்டம், ஓவிய ஆசிரியர்

ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். 2012-இல் எங்களை எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள், ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை. இதுதான் கணக்கு. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், ‘நீ கணக்கில் இல்லை, போ’ என்று எப்படிச் சொல்வது? சின்ன வகுப்புகளையும் சேர்த்துக்கொண்டேன்.

எங்களுக்குக் கிடைத்த அறை, 2018 கஜா புயலில் ஓடு பறந்துபோன அறை. ஓடு மாற்றிய பிறகு உடைந்த பெஞ்சுகளையும் பழைய பாடப்புத்தகக் கட்டுகளையும் போட்டு வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் சாவியைக் கொடுத்து, “எலி இருக்கும் சார், பார்த்துக்குங்க” என்றார். எலி இருந்தது. ஆனாலும் ஓவியத்துக்கென்று தனி அறை! எங்கள் ஒன்றியத்தில் வேறு யாருக்கும் அது இல்லை. அந்த மே மாதம் முழுக்க அங்கேயேதான் கிடந்தேன். கைக்காசில் எமல்ஷன் பெயின்ட்டும், அதில் நிறம் கலக்கும் ஸ்டெயினர் குப்பிகளும் வாங்கி, ஒரு சுவரில் திருவாரூர்க் கோயில் ஆழித்தேரை வரைந்தேன். சக்கரம், முட்டுக்கட்டை, வடம் பிடிக்கும் கூட்டம் எல்லாம் உண்டு. எதிர்ச்சுவரில் குளம், நாரை, தாமரை. நன்றாகவே வந்திருந்தது, அடக்கத்துக்காக அதை மறுக்க மாட்டேன். வட்டாரக் கல்வி அலுவலர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஜூனில் பள்ளி திறந்தது. “உங்களுக்குப் பிடித்ததை வரையுங்க” என்றேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் தேர் வரைந்தார்கள். அடுத்த வாரம் தேரும் நாரையும். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் வெள்ளைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். கேட்டதற்கு, “எனக்குத் தேர் வராது சார்” என்றான். யார் இவனைத் தேர் வரையச் சொன்னது? நான் சொல்லவில்லை. சுவர் சொல்லியிருக்கிறது.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து வந்த பிள்ளை ஈரக்கையைச் சுவரில் வைத்துவிட்டது. “சுவரைத் தொடாதே” என்று கத்திவிட்டேன். ஓவிய அறையில், ஓவிய வாத்தியார்.

அடுக்கிய விதத்திலும் கோட்டை விட்டேன். ஒரு இரும்பு பீரோ கொடுத்தார்கள். பிரஷ், போஸ்டர் கலர், கத்தரிக்கோல், சார்ட் எல்லாம் அதற்குள். இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பொருள் என்பதால் சாவி அலுவலகத்தில். நான் வராத நாளில் யாருக்கும் எதுவும் கிடைக்காது. வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் அத்தனையும் அப்படியே இருந்தது, கலர் குப்பிகள் காய்ந்து கல்லாகி.

உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று, முட்டை அட்டை. சத்துணவுக்கு முப்பது முப்பதாக முட்டை வரும் அட்டைகளை அமைப்பாளரம்மாவிடம் கேட்டு வாங்கி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்தேன். முதலில் அந்தக் குழிகளில் தண்ணீர்க் கலர் ஊற்றினேன். அட்டை அத்தனையையும் உறிஞ்சிவிட்டது. அப்புறம்தான் புத்தி வந்து, அரசு கொடுக்கும் க்ரேயான்களில் உடைந்த துண்டுகளைக் குழிக்கு ஒரு நிறமாகப் போட்டேன். இப்போது எந்த நிறம் தீர்ந்தது என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. கறுப்பும் சிவப்பும் முதலில் தீரும். வெள்ளையை யாரும் சீண்டுவதில்லை.

சுவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. அழிக்க மனசு வரவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

விழுப்புரம், ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை

தம்பி, பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்த 2007-08 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வகுப்பறையை அப்போது தலைகீழாக மாற்றினார்கள். பிள்ளைகள் தரையில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். சுவரின் அடிப்பாகத்தில் கீழ்மட்டக் கரும்பலகை அடித்து, கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் என்று பேர் எழுதிக் கொடுத்தோம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளை வரைந்ததை அதில் தொங்கவிட வேண்டும்.

அந்தப் பாட அட்டைகளையும், அவற்றைப் படிக்கும் வரிசையைக் காட்டும் ஏணியையும் பற்றி ஆயிரம் குறை சொல்வோம், அதை இங்கே கிளற வேண்டாம். ஆனால் அந்தக் கீழ்மட்டப் பலகையும் கம்பிப் பந்தலும் மாதிரி சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற ஏற்பாட்டை நான் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கிறது. நாம் படம் மாட்டுவது ஆறடியில். அது நமக்கும் ஆய்வுக்கு வருகிறவர்களுக்கும்தான்.

பந்தலில் நான் பட்டது: முதலில் கட்டுக்கம்பி கட்டினேன். ஐப்பசி மழையில் துருப்பிடித்து எல்லாப் படத்திலும் பழுப்புக் கோடு. பிறகு துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பிக்கு மாறினேன். தண்ணீர்க் கலர் ஓவியத்தை ஈரத்தோடு மாட்டாதீர்கள். ஒருநாள் பச்சைக் கலர் சொட்டி, எண்ணெய் தடவி இரட்டைச்சடை போட்டு வந்த பிள்ளையின் வகிட்டில் விழுந்தது. மறுநாள் அவள் பாட்டி வந்து என்னைக் கேட்ட கேள்வி இருக்கிறதே! அதிலிருந்து ஈரமான தாளெல்லாம் தரையில், நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்து. காய்ந்தால்தான் பந்தல்.

கரும்பலகைக்கு நான் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை மதியம் கரியையும் கோவை இலையையும் சேர்த்து அரைத்துப் பூசுவோம். ஊமத்தை இலை போட்டு அரைப்பவர்களும் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கையில் வேண்டாம். இப்போது டப்பாவில் பெயின்ட் கிடைக்கிறது, அதையே அடியுங்கள்.

சென்னை, தனியார் தொடக்கப் பள்ளி

உங்களுக்காவது சுவரில் உங்கள் கை. எங்களுக்குச் சுவரெல்லாம் சாஃப்ட் போர்டு. மாதம் ஒரு தலைப்பு: ஒரு மாதம் கடல், ஒரு மாதம் விண்வெளி. ஃபோம் ஷீட், தெர்மாகோல், பளபளா பார்டர் எல்லாம் ஆசிரியைகள் இரவு ஏழு மணிவரை உட்கார்ந்து வெட்டுவோம். பெற்றோர் வரும் நாளுக்கு முந்தின மாலை, பிள்ளை வரைந்த மீனுக்குக் கண் சரியில்லை என்று நாங்களே திருத்தியிருக்கிறோம். ஒரு குழந்தை தன் மீனைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “என்னோடது இல்ல மிஸ்” என்று போய்விட்டது. அது நின்ற இடம் அதன் மீனுக்கு எதிரில்தான்.

2014-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். மழலையர் வகுப்புக் குழந்தைகள் 24 பேர். அவர்களுக்குச் சில அறிவியல் பாடங்களை வெறும் சுவர் உள்ள அறையிலும், சிலவற்றைச் சுவர் முழுக்க அலங்காரம் செய்த அறையிலும் நடத்தினார்கள். வெறும் சுவர் அறையில் கேள்விகளுக்குச் சரியான விடை 55 சதவீதம், அலங்கார அறையில் 42. கவனம் பாடத்தை விட்டு விலகிய நேரமும் அலங்கார அறையில்தான் கூடுதல். அங்கே நடந்தது அறிவியல் பாடம், நம் ஓவிய அறைக்கு அப்படியே பொருந்தாது என்பது தெரியும். ஆனாலும் படித்ததிலிருந்து எனக்குச் சமாதானம் இல்லை.

இப்போது பிள்ளைகள் பார்த்து உட்காரும் முன்சுவரைக் காலியாக விட்டுவிட்டேன். படங்கள் எல்லாம் பின்சுவரில். நிர்வாகத்திலிருந்து வந்தவர் முன்சுவரைக் காட்டி, “என்ன மேடம், வெறிச்சுனு இருக்கே?” என்றார். “பெயின்ட் காயட்டும் சார்” என்றேன். ஆறு மாதமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

தருமபுரி, தலைமையாசிரியர்

சென்னை டீச்சர் சொல்வது சரியாக இருக்கலாம். எங்கள் நிலைமை வேறு. வகுப்பறைகளின் வெளிச்சுவரில் ரயில் பெட்டி மாதிரி பெயின்ட் அடித்தோம். அந்த வருஷம் சேர்க்க வந்த அம்மாக்கள் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, “ரயிலு பாரு” என்றார்கள். தனியார் பள்ளி வேன் வாசல்வரை வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற ஊரில் எங்களுக்குச் சுவர்தான் விளம்பரம். வெளியே ரயில் ஓடட்டும், உள்ளே வேண்டுமானால் வெள்ளையாக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சார்ட் ஒட்ட மைதாப் பசை காய்ச்சுகிறவர்கள், போஸ்டர் ஒட்டுகிறவர்கள் செய்கிற மாதிரி துத்தம் கலக்காதீர்கள். விரல் சூப்புகிற பிள்ளைகள் இருக்கிற இடம். கலக்காவிட்டால் கரப்பான் தின்னும், தின்றுவிட்டுப் போகட்டும். பசையைவிடத் துணி கிளிப்பே மேல்.

காஞ்சிபுரம், ஓவிய ஆசிரியை

நீங்கள் எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தறி. கலர் டப்பாக்களில் சிவப்பு, பச்சை, நீலம் என்று அழகாகச் சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி வந்து, “டீச்சர், இதுல எந்தப் பச்சை? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா?” என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓவியக் கல்லூரியில் படித்தவள் நான். எனக்குத் தெரிந்தது டியூபில் எழுதியிருக்கும் பேர் மட்டும்.

சீட்டையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, “வீட்டில் என்ன சொல்வீங்களோ அதை எழுதுங்க” என்றேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, வெங்காயச் சருகு, மாந்தளிர், எம்.எஸ். நீலம். அந்த நீலத்துக்குப் பாட்டுக்கார எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் பேர் எப்படி வந்தது என்று ஒரு பீரியட் முழுக்கப் பேசினோம்.

மயில் கழுத்தில்தான் சண்டை வந்தது. ஒருவன் நீலத்தைக் காட்டுகிறான், ஒருத்தி பச்சையைக் காட்டுகிறாள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த பாட்டியிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “அது ஒரு கலரு இல்லம்மா. பாவு ஒண்ணு, ஊடை ஒண்ணு. அசைச்சாத்தான் தெரியும்” என்றார். மறுநாள் பிள்ளைகள் பாவுக்கு நீல க்ரேயானால் நெட்டுக்கோடும் ஊடைக்குப் பச்சையால் குறுக்குக்கோடும் நெருக்கமாகப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு வந்தது. ‘மயில் கழுத்து’ என்று சீட்டு ஒட்டிய டப்பா மட்டும் எங்கள் தட்டில் இன்றும் காலியாக இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளை திறந்து பார்த்துவிட்டு, “டீச்சர், இதுல ஒண்ணுமில்ல” என்று ஓடிவரும். அப்போது பழைய பிள்ளைகள் விளக்கம் சொல்வார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

கலர் கிண்ணத்துக்குக் கொட்டாங்குச்சி வைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. உருண்டு கொட்டும் என்று பயப்படாதீர்கள். பழைய கயிற்றைச் சுற்றிப் பிரிமணை செய்து அதன் மேல் வையுங்கள், பானை நிற்கிற மாதிரி நிற்கும். பிரிமணை சுற்றுவதே பிள்ளைகளுக்கு இரண்டு வகுப்பு வேலை.

யாழ்ப்பாணம், ஆரம்பப் பிரிவு ஆசிரியை

தரம் 3 பிள்ளைகளுக்குச் சித்திரமும் நானே எடுக்கிறேன். எங்களுக்கு அலுமாரி ஒன்றும் இல்லை. பனையோலைக் கடகங்கள் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றில் துணித்துண்டு, ஒன்றில் கடதாசி, ஒன்றில் விதையும் சிப்பியும், இப்படி. கடகத்துக்கு மூடியில்லை, பூட்டும் இல்லை. இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நடுவில் வைப்பார்கள், முடிந்ததும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் வைப்பார்கள். திருவாரூர் சேருடைய அலுமாரிச் சாவிக் கதையை வாசித்தபோது இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

திருவாரூர் மாவட்டம், ஓவிய ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. விழுப்புரம் அம்மா சொன்னதைச் செய்துவிட்டேன். காலாண்டு விடுமுறையில் தரையிலிருந்து மூன்றரை அடிவரை நாலு சுவருக்கும் கரும்பலகைப் பெயின்ட் இரண்டு கோட்டிங். குளம் பாதி போயிற்று, நாரைகளுக்குக் கால் போயிற்று. தேரில் சக்கரமும் வடம் பிடித்த கூட்டமும் மொத்தமாகப் போயின. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எழுபது ஆரம் போட்டிருந்தேன்.

பள்ளி திறந்த அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. சாக்பீஸ் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அந்தரத்தில் நிற்கிற தேரைப் பார்த்துப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி போய்க் கீழே மாட்டுவண்டிச் சக்கரம் போட்டாள். மறுநாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேறொருவன் ஆட்டோச் சக்கரம் மூன்று போட்டான். நாரைக்குச் செருப்பு வந்தது. போன செவ்வாய்க்கிழமை, தேர் வராது என்று சொன்ன பையன், தேருக்குக் கீழே வாத்துக்கால் வரைந்தான், வரிசையாகப் பதினொன்று. ஏன் பதினொன்று என்று கேட்டேன். “ஒண்ணு நொண்டி சார், தூக்கி வச்சிருக்கு” என்றான்.

பீரோ கதவைக் கழற்றித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அதற்கிடையில் வாரத்துக்கு இரண்டு பெட்டி சாக்பீஸ் எங்கே போகிறது என்று அவர் கேட்கிறார். இருப்புப் பதிவேட்டில் அதை எப்படி எழுதுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.